தமிழில் பதில் வேண்டுமென்றால் தமிழில் கேட்க வேண்டும்: இலங்கையில் மொழி உரிமை நடைமுறையில் எப்படி ஓடுகிறது

அரச பெயர்ப்பலகை ஒன்றில் தமிழைக் கொலை செய்திருக்கிறார்கள் என்று ஒரு படம் சில மாதத்துக்கு ஒருமுறை கைபேசிகளில் சுற்றும். கோபம் வரும், மேலிடத்தில் இருந்து யாராவது திருத்தச் சொல்லுவார், பலகை மாறும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வருகிறது, அதற்குத்தான் ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை. தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழியா, இல்லையா? ஆம் என்றால், பிரதேச செயலகத்தில் இருந்து வீட்டுக்கு வரும் கடிதம் ஏன் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது?

பதில் கொஞ்சம் நீளம். சட்டம் இருக்கிறது, நம்மில் பலர் நினைப்பதைவிட வலுவாகவே இருக்கிறது. ஆனால் அது தானாக ஓடும் சட்டம் இல்லை. பொதுமகன் ஒருவர் தமிழில், எழுத்தில் கேட்கும் இடத்தில்தான் அது ஓடத் தொடங்குகிறது, நாமோ சரியாக அந்த இடத்தில் யாரையாவது பிடித்துச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இது ஏன் பெரிய விஷயம், இதை ஊர்ச் சங்கங்களும் சமூக அமைப்புகளும் எப்படி மாற்றலாம் என்பதுதான் கீழே.

முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

ஒரே மாதிரி ஒலிக்கும் ஐந்து சொற்கள் இந்த விவாதத்தில் கலந்து கிடக்கின்றன.

1. அரசகரும மொழி. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை. சிங்களம் அரசகரும மொழி, தமிழும் ஓர் அரசகரும மொழி. இந்த "தமிழும்" 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு வந்தது.

2. தேசிய மொழி. 19ஆம் உறுப்புரை. சிங்களமும் தமிழும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இது இருந்தது, ஆனால் அப்போது அரசகரும மொழி சிங்களம் மட்டும்தான்.

3. இணைப்பு மொழி. ஆங்கிலம். இதுவும் 13ஆவது திருத்தத்தில் வந்ததுதான்.

4. நிர்வாக மொழி. 22ஆம் உறுப்புரை. குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான். நாடு முழுவதும் சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகள் என்று இந்த உறுப்புரை தொடங்குகிறது, உடனேயே ஒரு பிரிப்பும் செய்கிறது: வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச நிறுவனங்கள் பதிவேடுகளைப் பேணுவதும் அலுவல்களை நடத்துவதும் தமிழில், மற்ற ஏழு மாகாணங்களில் சிங்களத்தில். ஆகவே அந்த ஏழு மாகாணங்களில், அடுத்து வரும் இருமொழிப் பிரிவுகளுக்கு வெளியே, ஓர் அலுவலகம் தன் உள்வேலையைச் சிங்களத்தில் செய்வது சட்டமீறல் இல்லை. உங்களிடம் சிங்களத்தில் மட்டும் பேசுவேன், சிங்களத்தில் மட்டும் தருவேன் என்பதுதான் மீறல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சண்டை பிடித்தால் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடுவோம்.

5. இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவு. ஒரு பிரிவில் மற்ற மொழி பேசும் மக்களின் விகிதத்தைப் பார்த்து, அங்கே இரண்டு மொழியும் நிர்வாக மொழி என்று ஜனாதிபதி பணிக்கலாம். 1999இல் இருந்து நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக இப்படிப் பல பிரிவுகள் அறிவிக்கப்பட்டன. அங்கே நிலைமை இன்னும் ஒருபடி மேல்: தமிழ் அங்கே கேட்டால் தரும் மொழி இல்லை, அலுவலகத்தின் சொந்த மொழிகளில் ஒன்று. நீங்கள் வாழும் பிரிவு இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளூர்ச் சங்கம் எதுவாக இருந்தாலும் முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்த வழி, சுருக்கமாக

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழி ஆக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது, அதற்கான பிரமாணங்கள் 1966 வரை இழுபட்டன. 1972, 1978 என்று இரண்டு அரசியலமைப்புகள் சிங்களத்தின் இடத்தை மேலும் உறுதிப்படுத்தின. 1987இல் 13ஆவது திருத்தம், 1988இல் 16ஆவது திருத்தம். நாம் இன்று கையில் பிடிக்கக்கூடிய நிர்வாக, நீதிமன்ற மொழி உரிமைகள் இன்றைய வடிவத்தில் அந்த 16ஆவது திருத்தத்தில் வந்தவை.

இந்த வரலாற்றில் ஒரு வழக்கு மட்டும் நம் விஷயத்துக்கு நேரடியாக உதவும். கோடீஸ்வரன் வழக்கு. அவர் ஓர் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி காட்டவில்லை என்று 1962இல் அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பியது. 1969இல், அப்போது நம் நாட்டுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பை ஏற்காமல், மொழிச் சட்டம் பற்றிய கேள்வியைத் தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அதற்கு இறுதிப் பதில் வருவதற்குள் 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது.

ஒரு சிறு சம்பள ஏற்றம் ஒரு நாட்டின் மொழிச் சட்டத்தையே கேள்விக்கு உட்படுத்தும் அளவுக்குப் போக எது காரணம்? அவருடைய உறுதி முதல் காரணம். ஆனால் இன்னொன்றும் இருந்தது: அவருக்குக் கிடைத்த மறுப்பு காகிதத்தில் இருந்தது. சுற்றறிக்கை இருந்தது, காரணம் இருந்தது, எவ்வளவு நட்டம் என்ற கணக்கும் இருந்தது. இன்று கவுண்டரில் நமக்குக் கிடைக்கும் மறுப்பில் இதில் ஒன்றுகூட இருப்பதில்லை. "தமிழ் தெரிந்தவர் இன்றைக்கு லீவு, பிறகு வாருங்கள்" என்பதை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைப்பது?

22ஆம் உறுப்புரை தருவது என்ன

சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியில் தமிழ் பேசும் ஒருவருக்கு மூன்று உரிமைகள்:

1. எந்த அரச உத்தியோகத்தரோடும் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளலாம், அலுவல் பார்க்கலாம். தாம் எந்த மொழியில் தொடர்புகொண்டாரோ அதே மொழியில் பதில் பெறலாம்.

2. பதிவேடு, பதிவு, ஆவணம் எதையாவது பார்வையிடவோ பிரதி எடுக்கவோ சட்டம் அவருக்கு உரிமை தந்திருந்தால், அதன் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிலோ ஆங்கிலத்திலோ பெறலாம்.

3. அவருக்கென்று வழங்கப்படும் ஆவணத்தை, சான்றிதழ், அனுமதிப்பத்திரம் போன்றவற்றை, தமிழிலோ ஆங்கிலத்திலோ அல்லது அந்த மொழிபெயர்ப்போடோ பெறலாம்.

தமிழ் நிர்வாக மொழியாக உள்ள வடக்கு, கிழக்கில் இதே உரிமை சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகும் சிங்களவருக்கும் இது பொருந்தும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது முதலாவது உரிமையைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்பதை உங்கள் இனமோ பெயரோ தீர்மானிப்பதில்லை. நீங்கள் எழுதிய கடிதத்தின் மொழி தீர்மானிக்கிறது. சிங்களத்தில் விண்ணப்பம் கொடுத்தவருக்குச் சிங்களத்தில் பதில் அனுப்பினால் அந்த அலுவலகம் அரசியலமைப்பை மீறவில்லை. உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்பது அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை.

சங்கிலி எங்கே அறுகிறது

தோட்டத்தில் இருந்து பிரதேச செயலகத்துக்கு வரும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் மட்டும்தான் பேசவும் எழுதவும் தெரியும். நடப்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்:

1. வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெட்டிசம் எழுதுபவரிடம் காசு கொடுத்துச் சிங்களத்தில் எழுதுவிக்கிறார். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ தெரிந்த கடைக்காரரோ உதவுகிறார்.

2. அலுவலகம் அதைச் சிங்கள விண்ணப்பமாகப் பதிந்து வேலையைப் பார்க்கிறது. யாரும் அவரைத் திட்டவில்லை, திருப்பி அனுப்பவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் சேவை நன்றாகவே நடந்திருக்கிறது.

3. பதில் சிங்களத்தில் வருகிறது. அதை வாசிக்க இன்னொருவர் வேண்டும். மேன்முறையீட்டுக்குக் கடைசித் திகதி அதில் இருந்தால், வாசிக்க ஆள் கிடைப்பதற்குள் திகதி போய்விடலாம்.

4. வருட முடிவில் அந்த அலுவலகத்துக்குத் தமிழில் எத்தனை கடிதம் வந்தது என்று பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது. "எங்களுக்குத் தமிழ் விண்ணப்பமே வருவதில்லையே" என்று பொறுப்பதிகாரி சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை.

5. தேவை பதிவில் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் ஆளணி கேட்கக் காரணம் இல்லை. ஆளணி இல்லாததால் அடுத்த தாயும் பெட்டிசம் எழுதுபவரிடமே போகிறார்.

இதில் அந்தத் தாயின் மீது குற்றம் சுமத்த எனக்கு மனம் வராது. அவருக்கு அன்றைக்கு அந்த வேலை முடிய வேண்டும், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். உரிமைக்காக நீங்கள் வெறுங்கையோடு திரும்புங்கள் என்று வசதியாக இருக்கும் நாம் அவருக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் இது தனிமனிதர் தலையில் போடும் வேலை இல்லை, அமைப்பாகச் செய்யும் வேலை.

ஓர் எழுத்து மாறினால்

மொழி உரிமை என்றால் உணர்ச்சி விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும்.

பூபாலன் என்று ஒரு பிள்ளை. தமிழில் "ப" ஒன்றுதான், முதலில் வருவதற்கும் நடுவில் வருவதற்கும் நாம் ஒலியை மாற்றி வாசித்துக்கொள்வோம். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதுகிறார். முதல் எழுத்து எது, நடு எழுத்து எது, நெடிலா குறிலா, கடைசியில் வருவது எந்த "ன்", எல்லாம் அவர் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு. தகப்பன் பக்கத்தில்தான் நிற்கிறார், ஆனால் எழுதியதை அவரால் வாசித்துச் சரிபார்க்க முடியாது. கையெழுத்துப் போடுகிறார்.

பிறகு பள்ளிக்கூடத்தில் தமிழில் வேறு மாதிரிப் பதிகிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி போகிறது. கடவுச்சீட்டுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு வடிவம். வேலையிடத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நாலாவது வடிவம். இருபது முப்பது வருடம் கழித்து அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போதோ, அவர் இறந்தபின் மனைவி கேட்கும்போதோ, இந்த நாலு பேரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழும். சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம், திருத்த விண்ணப்பம், மறுபடி பதிவாளர் அலுவலகம். பெயரைப் பெற்றோர் தங்கள் மொழியில் எழுதிக் கொடுத்து, பதிந்ததைத் தங்கள் மொழியில் வாசித்துப் பார்த்திருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

அடையாள அட்டையே இதற்கு இன்னொரு உதாரணம். வடக்கு, கிழக்குக்கு வெளியே பிறந்து வளர்ந்த தமிழ் பேசுபவர்களின் அட்டை நீண்ட காலம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. சொந்த அட்டையில் சொந்தப் பெயரை வாசிக்க முடியாத நிலை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது, 2014இல் இருந்து புதிய அட்டைகள் இரண்டு மொழியிலும் வருகின்றன. ஒரு அமைப்பு, ஒரு வழக்கு, நாடு முழுவதற்கும் மாற்றம். முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

பொலிசும் ஆஸ்பத்திரியும்

பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வாங்குவது நாட்டில் எல்லாரும் அறிந்த வழக்கம். பிரச்சினை அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில், "நீங்கள் முதலில் இப்படித்தானே சொன்னீர்கள்" என்று அந்த வாக்குமூலத்தை வைத்துக் கேள்வி கேட்கும்போதுதான் தெரியும். அவர் சொன்னது வேறு, எழுதப்பட்டது வேறு, ஆனால் கையெழுத்து அவருடையது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையில் பொலிஸ் நிலையங்களில் இருபத்துநாலு மணிநேரமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதிய இடம் வேண்டும் என்றும் சொன்னது. அப்படி ஒருவர் இல்லாத நிலையத்தில் என்ன செய்யலாம்? முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதியோடு கொண்டுபோங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் "இது சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி பின்னால் சட்டத்தரணிக்குப் பெரிய பிடி.

நீதிமன்றத்தில் நிலைமை சற்று மேல். 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு வழக்கைப் புரிந்துகொண்டு பங்கெடுக்க அரசு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தில் எழுதப்பட்ட தப்பை உரைபெயர்ப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திருத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது இன்னொரு வழக்கம். பன்னிரண்டு வயது மகள் தாயின் கர்ப்பப்பை நோயை டொக்டருக்குச் சொல்ல வேண்டும், டொக்டர் சொன்னதைத் தாய்க்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாய் மகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார், மகளுக்குப் பாதிச் சொல் விளங்காது, டொக்டரோ எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்று நினைத்துக் கொப்பியில் எழுதிவிடுவார். சத்திர சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தும் இப்படித்தான் போடப்படுகிறது. இதை உதவி என்று நாம் பழகிவிட்டோம். அது நின்றாக வேண்டும்.

ஊரில் ஒரு அமைப்பு என்ன செய்யலாம்

மாநாடு, மகஜர், பேரணி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். என் கணக்கில் அதைவிடப் பலன் தருவது சலிப்பூட்டும் காகித வேலைதான்.

1. தமிழ்க் கடிதம் மூலப் பிரதி, சிங்களம் இணைப்பு. ஊர்ச் சங்கம் ஒன்று செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலை தாமதமாகக்கூடாது என்றால் கூடவே சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றை "வசதிக்காக" என்று குறிப்பிட்டு இணையுங்கள், அதில் கையெழுத்து வேண்டாம். கடிதத்தின் கீழே "தமிழில் பதில் தரவும்" என்று ஒரு வரி. அந்தத் தாயின் வேலையும் நடக்கும், கோப்பில் தமிழ் விண்ணப்பமும் இருக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெட்டிசம் எழுதுபவரையே இதற்குப் பழக்க முடியும், அவருக்கும் வருமானம் குறையாது.

2. கிடைத்ததற்கான முத்திரை. கையில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

3. ஒரு பதிவுக் கொப்பி. திகதி, அலுவலகம், பிரிவு, கேட்டது, கிடைத்த பதில், பதில் எந்த மொழியில், அதனால் என்ன நட்டம். பெயர் வேண்டாம் என்பவருக்குப் பெயர் வேண்டாம். ஒருவருடைய முறைப்பாடு தனிப்பட்ட மனக்குறை, ஒரே கவுண்டரைப் பற்றி முப்பது பதிவு இருந்தால் அது அந்த நிறுவனத்தின் நடைமுறை.

4. தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். கேட்க வேண்டியவை: இந்த அலுவலகத்தில் எத்தனை பேர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற்றவர்கள், அவர்களில் எத்தனை பேர் பொதுமக்கள் வரும் பிரிவுகளில், அனுமதிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் பதவி எத்தனை, வெற்றிடம் எத்தனை, கடந்த வருடம் தமிழில் வந்த கடிதங்கள் எத்தனை, அவற்றில் தமிழில் பதில் போனது எத்தனை. பல அலுவலகங்கள் இந்தக் கணக்கை வைத்திருப்பதில்லை. "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று எழுத்தில் வரும் பதிலே உங்களுக்கு ஒரு ஆவணம்.

மூன்றாவதில் கவனம் ஒன்று: கவுண்டரில் நிற்பவரைக் குறிவைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின் சேர்ந்த உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. ஏராளமானவர்கள் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தும் இருக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் கையில் இருப்பதும், அவசரத்தில் வரும் ஒருவரின் மலையகத் தமிழையோ கிழக்குத் தமிழையோ காதால் கேட்டு விளங்கிக்கொள்வதும் ஒன்றில்லை. பயிற்சி பெற்றவர் இடமாற்றத்தில் போய்விட்டால் அந்தக் கவுண்டர் மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே பொறுப்பைக் கேட்க வேண்டியது நிறுவனத் தலைவரிடம்.

முறைப்பாடு எந்த வரிசையில்

1. நிறுவனத் தலைவருக்கு எழுத்தில். தமிழில். எந்த உறுப்புரை, எந்தத் திகதி, என்ன வேண்டும் என்பது மட்டும். நீண்ட வரலாற்றுப் பாடம் வேண்டாம்.

2. அரசகரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. முறைப்பாட்டை விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம், தேவைப்பட்டால் விஷயம் மேல் நீதிமன்றம் வரை போக அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உரிய மொழியில் சேவை தர வேண்டுமென்றே தவறும் உத்தியோகத்தருக்குத் தண்டனையும் சட்டத்தில் உண்டு. ஆணைக்குழு பற்றி நம்மிடம் மனத்தாங்கல் நிறைய இருக்கலாம், ஆனாலும் முறைப்பாடு போகாத ஆணைக்குழு தானாகப் பலம் பெறாது.

3. மனித உரிமைகள் ஆணைக்குழு. 12ஆம் உறுப்புரை மொழியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது.

4. உயர் நீதிமன்றம். 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை என்று மட்டும் சொல்லவில்லை, மொழி உரிமை என்றும் சேர்த்தே சொல்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் இது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.

ஒரு மாதம் என்பது ரொம்பக் குறுகிய காலம். சங்கக் கூட்டம் போட்டு, தலைவர் ஊரில் இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றால் வழி அடைபட்டுவிடும். எனவே அமைப்புகள் முன்கூட்டியே ஒரு சட்டத்தரணியோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது, செலவு முடியாதென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

யாரோடு சேர்ந்து

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூவரும் சேர்ந்து நாட்டில் ஏறக்குறைய கால்வாசி. இந்த மூன்று சமூகமும் மொழி விஷயத்தில் ஒரே கவுண்டரில்தான் நிற்கின்றன, ஆனால் முறைப்பாடு என்று வரும்போது தனித்தனியாகப் போகின்றன, அல்லது போவதே இல்லை. பள்ளிவாசல் நிருவாக சபை, கோயில் பரிபாலன சபை, தேவாலயம், தோட்டத் தொழிற்சங்கக் கிளை, மாதர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரே பதிவுக் கொப்பி வைத்தால் ஒரு பிரதேச செயலாளர் அதை ஒதுக்கிவிட முடியாது.

அப்புறம், மேலே மறக்காதீர்கள் என்று சொன்ன விஷயம். வடக்கிலோ கிழக்கிலோ தமிழில் மட்டும் எழுதிய பதில் கடிதத்தோடு தடுமாறும் ஒரு சிங்களக் குடும்பத்துக்காக அங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்று அதே 22ஆம் உறுப்புரையை வைத்து எழுதினால், அது நல்லெண்ணச் செயல் மட்டும் இல்லை. மொழி உரிமை ஒரு இனத்தின் கோரிக்கை என்று தள்ளிவைக்கும் வாதத்துக்கு அங்கே இடமே இருக்காது. தெற்கில் இருமொழி ஆளணி கேட்கும் சங்கத்துக்கு அந்தக் கடிதத்தின் பிரதி பெரிய துணை. அப்படியான கடிதங்கள் இரண்டு பக்கமும் போகத் தொடங்கினால் ஆளணி ஒதுக்கீட்டை முடிவு செய்யும் மேசையில் கேள்வி வேறு மாதிரி விழும்: தமிழருக்கு எத்தனை பேர் கொடுப்பது என்று இல்லாமல், இந்த அலுவலகத்துக்கு வரும் மக்களுக்கு எந்தெந்த மொழியில் எத்தனை பேர் வேண்டும் என்று.